நூற்றிப் பதினேழாம் இலக்கத்து இரத்தம்

குருநகர்,
24.02.2025

வைத்தியர் தனுசியா நமசிவாயம் அவர்களுக்கு,

என் பெயர் ஜெசிதா. உங்களுக்கு என்னைத் தெரியாது. என் அப்பாவைத் தெரிந்திருக்கலாம், அல்லது அவருடைய இலக்கத்தையாவது தெரிந்திருக்கலாம். உங்கள் ஆய்வில் அவர் நூற்றிப் பதினேழு. வீட்டில் அவருக்குச் சிமியோன் என்று பெயர்.

போன கிழமை பேப்பரில் உங்கள் படம் பார்த்தேன். பொன்னாடை எடுப்பாக இருந்தது. 'இதய நோயாளரின் சிறுநீரகம் பழுதாகப் போவதை ஒரு வருடம் முன்பே இரத்தத்தில் கண்டறியலாம்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நான் எங்கே இருந்து வாசித்தேன் தெரியுமா? இரத்தம் சுத்திகரிக்கும் அறைக்கு வெளியே கிடக்கும் வாங்கில் இருந்து. உள்ளே அப்பாவை மெசினில் போட்டிருந்தார்கள்.

அவருக்கு 2021இல் நெஞ்சடைப்பு வந்தது. அன்றிலிருந்து இதயக் கிளினிக்குக்குப் போய் வருகிறார். 2023இல் நீங்கள் அங்கே வந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாக நான்கு தடவை இரத்தம் எடுத்தீர்கள். அந்த நாட்களில் வீட்டில் உங்கள் கதைதான். "டொக்டர் பிள்ளை வலு மரியாதை. என்ரை ரத்தம் கனபேருக்கு உதவுமெண்டு சொன்னவ" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். போன டிசெம்பரில் கால் வீங்கி, வாந்தி எடுத்து விழுந்தார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். இப்போது செவ்வாயும் சனியும் மெசின்.

பேப்பரை வாசித்து முடித்ததும் வருடங்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு வருடம் முன்பே தெரியும் என்றால், 2023இலேயே உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் முழுக்க அப்பா இடுப்பு, நாரி நோவுக்கு மருந்துக் கடையில் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அது சிறுநீரகத்தைத் தின்னும் குளிசை என்று இப்போதுதான் எங்களுக்குச் சொல்கிறார்கள். யாராவது ஒருவர் "நிற்பாட்டுங்கோ" என்று சொல்லியிருந்தால் நிற்பாட்டியிருப்பார். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் சொன்னால் மூச்சையும் நிற்பாட்டக்கூடிய மனிதர் அவர்.

அம்மாவிடம் பேப்பரை வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டார்: "ரத்தத்தைக் கொண்டுபோய் உவையள் என்ன, கறியோ வைச்சவை?"

மெசின் முடிந்து ஓட்டோவில் திரும்பும் ஒவ்வொரு முறையும் அப்பா என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். "நான் என்ன பிழை விட்டனான் பிள்ளை?" இதற்குப் பதில் உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

உங்கள் தொலைபேசிக்குப் பதினொரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். நான் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை செய்கிறவள். எழுத்தில் கேட்டால்தான் எழுத்தில் பதில் வரும் என்பது அங்கே படித்தது. ஆகையால் பதிவுத் தபாலில் கேட்கிறேன். தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை?

சி. ஜெசிதா


கொழும்பு,
10.03.2025

செல்வி சி. ஜெசிதா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் தந்தையாரின் நிலை குறித்து எமது ஆய்வுக் குழு மிகவும் வருந்துகிறது. ஆய்வு முடிந்தபின் நான் கொழும்புக்கு மாற்றலாகி வந்துவிட்டதால் தங்கள் அழைப்புகளுக்குப் பதிலளிக்க முடியவில்லை.

சில விடயங்களைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். இது சிகிச்சை அல்ல, ஆய்வு. இதயம் பலவீனமானவர்களில் பலருக்குச் சில வருடங்களில் சிறுநீரகமும் தளர்ந்துவிடுகிறது. கிளினிக்கில் வழக்கமாகச் செய்யும் கிரியேற்றினின் பரிசோதனையில் அது பிந்தித்தான் தெரியும். அதற்கு முன்னரே இரத்தத்தில் கூடத் தொடங்கும் சில புரதங்களை அளந்து, யாருக்கு ஆபத்து வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதே எமது கேள்வி. 212 பேர் பங்குபற்றினார்கள். முடியும் என்ற பதில் ஆய்வின் இறுதியில்தான் கிடைத்தது. ஆரம்பத்தில் எமக்கும் அது தெரியாது.

தவிரவும், இரத்த மாதிரிகள் பெயரின்றி இலக்கத்துடன் மட்டுமே கொழும்புக்கு அனுப்பப்பட்டன. தனிப்பட்ட முடிவுகள் பங்குபற்றுநருக்கு வழங்கப்படமாட்டாது என்பது சம்மதப் படிவத்தின் ஆறாம் பக்கத்தில் குறிப்பிடப்பட்டுள்ளது. தங்கள் தந்தையார் அதில் கையொப்பம் இட்டுள்ளார்.

அவருக்கான சிகிச்சை தொடர்பில் ஏதேனும் உதவி தேவைப்பட்டால் கிளினிக்கைத் தொடர்புகொள்ளவும்.

இங்ஙனம்,
வைத்தியர் ந. தனுசியா


குருநகர்,
16.03.2025

வைத்தியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். 'எமது', 'எமக்கு' என்று மூன்று இடத்தில் வருகிறது. என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. 'நாம்', 'எமது' என்று கூட்டமாகக் கடிதம் வந்தால் அதற்குள் ஒளிந்திருக்கிற 'நான்' யார் என்று தேடுவோம்.

ஆறாம் பக்கம் என்கிறீர்கள். அப்பா ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அன்று விடியக் கரைக்கு வந்து, முகத்தில் உப்புக் காயாமல், முதல் பஸ்ஸில் கிளினிக்குக்கு வந்திருந்தார். அவரிடம் ஒன்பது பக்கப் படிவத்தைக் கொடுத்தால் ஆறாம் பக்கம் வரைக்கும் போவாரா? நீங்கள் சிரித்துக்கொண்டு "இதிலை ஒரு கையெழுத்து ஐயா" என்றிருப்பீர்கள். அவர் வைத்திருப்பார். நீங்கள் மரியாதையாகக் கதைத்தீர்கள் என்பதற்காக வைத்த கையெழுத்து அது. அதைத் தூக்கி இப்போது என் முகத்தில் எறிகிறீர்கள்.

ஆரம்பத்தில் தெரியாது என்பதை நான் நம்புகிறேன், வையுங்கள். ஆனால் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயர் எங்கேயோ எழுதியிருக்கத்தானே வேண்டும்? இல்லாவிட்டால் யாருடைய சிறுநீரகம் போனது, யாருடையது போகவில்லை என்று எப்படி ஆய்வை முடித்தீர்கள்? போனதைக் கணக்கெடுக்கப் பெயர் கிடைத்தது. போகப்போகிறது என்று சொல்வதற்கு மட்டும் கிடைக்கவில்லையா?

உங்கள் ஊர் சண்டிலிப்பாய் என்று விசாரித்து அறிந்தேன். உங்கள் வீட்டிலும் வயதான ஒருவர் இருப்பார். அவருடைய இரத்தத்தில் அப்படி ஒன்று கூடியிருந்தால் ஆறாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்களா?

நூற்றிப் பதினேழைத் திறவுங்கள். நான்கு தடவையும் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எழுதாவிட்டால் என் முதலாளி எழுதுவார். அவருடைய கடிதத்தில் இந்த அளவு மரியாதை இருக்காது.

ஜெசிதா


கொழும்பு,
21.04.2025

ஜெசிதாவுக்கு,

ஒழுக்கநெறிக் குழுவிடம் அனுமதி பெற்று இலக்கத்தைத் திறந்தேன். அதற்கு ஐந்து வாரம் எடுத்தது. இந்தக் கடிதத்தைக் குழுவுக்குக் காட்டவில்லை. இது நான் எழுதுவது.

2023 மார்ச்: உங்கள் அப்பாவின் இரத்தத்தில் அந்தப் புரதங்கள் சற்றுக் கூடியிருந்தன.

யூன்: நன்றாகக் கூடியிருந்தன. ஆபத்து என்று சொல்லும் அளவுக்கு.

முந்திய கடிதத்தில் நான் எழுதாத ஒன்று இருக்கிறது. ஆய்வில் ஒரு பாதுகாப்பு விதி உண்டு. ஒருவருக்கு அளவு ஆபத்தாக வந்தால், அடுத்த சுற்றில் திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டாம் முறையும் அப்படியே இருந்தால் நோயாளியை அழைத்துச் சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதியவள் நான். யூனில் நூற்றிப் பதினேழுக்குச் சிவப்பு அடையாளம் போட்டவளும் நான்தான். பெயர் தெரியாது, ஆனால் இலக்கம் நினைவிருக்கிறது. செப்ரெம்பர் சுற்று வரட்டும் என்று காத்திருந்தேன்.

செப்ரெம்பரில் எல்லாம் சரியாக வந்தது. சரி என்றால் அப்படி ஒரு சரி. சிவப்பு அடையாளத்தை அழித்துவிட்டேன்.

டிசெம்பரில் யூனைவிடவும் மோசம். ஆனால் அது கடைசிச் சுற்று. அந்த மாதிரிகளை எல்லாம் சேர்த்து அடுத்த வருடம் ஓகஸ்ட் மாதத்தில்தான் பரிசோதித்தோம். அப்போது நாங்கள் பார்த்தது அட்டவணையை. ஆட்களை அல்ல.

ஜெசிதா, சிறுநீரகம் அப்படி மூன்று மாதத்துக்குப் புதிதாகி மறுபடி பழுதாவதில்லை. போன கிழமை செப்ரெம்பர் முடிவை முழுதாக எடுத்துப் பார்த்தேன். இதயம் களைத்தவர்களுக்கு எப்போதும் கூடி நிற்கும் இன்னொரு புரதம் இருக்கிறது. அது கூட அன்று ஓர் இளந்தாரியுடையதுபோல இருந்தது. அது உங்கள் அப்பாவின் இரத்தமே இல்லை என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு யார் கையை நீட்டியது? நீங்களும் எனக்கு ஒரு பதில் தரவேண்டும். அந்த முடிவு மட்டும் வராமல் இருந்திருந்தால், ஒக்ரோபரில் உங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, குளிசையை நிற்பாட்டச் சொல்லியிருப்பேன். என்னை ஒளிந்திருக்கிறவள் என்று எழுதினீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒளிந்திருக்கிறார்கள்.

தனுசியா


குருநகர்,
27.04.2025

வைத்தியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டேன். பெயர் ஜெரிசன், வயது இருபத்தாறு. 2023 செப்ரெம்பரில் அப்பாவின் கிளினிக்குக்குப் போனது யார் என்று கேட்டேன். "நான்தான். நீதானே அக்கா அனுப்பினனீ" என்றான்.

ஓம். நான்தான் அனுப்பினேன்.

தென்மேற்கால் வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் எங்கள் ஆட்கள் முல்லைத்தீவுப் பக்கம் கரையில் குடிசையாக வாடி அடித்துத் தங்கித் தொழில் செய்வார்கள். அப்பா இனித் தொழில் செய்யக்கூடாது என்று அந்த யூனில் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். "நான் சும்மா சமைச்சுக் குடுத்துக்கொண்டு வாடியிலை இருக்கப்போறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சும்மா இருந்தாரா, வலை இழுத்தாரா என்பது அந்தோனியாருக்குத்தான் தெரியும். கிளினிக் நாள் வந்தது. குளிசை முடிந்துவிட்டது. எனக்கு வேலை. "மருந்து எழுதின கொப்பியைக் காட்டி அப்பாவின்ரை குளிசையை எடுத்துக்கொண்டு வா" என்று இவனை அனுப்பினேன்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. ஆண்கள் கடலில் நிற்கும்போது கிளினிக் கொப்பியை வீட்டில் நிற்கிற யாராவது கொண்டுபோவார்கள். மருந்து கொடுக்கிறவர்களுக்கும் அது தெரியும். ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

உங்கள் இரத்த மேசை மருந்து யன்னலுக்குப் பக்கத்தில் இருந்ததாம். கொப்பிக்குள் உங்கள் ஆய்வு அட்டை இருந்ததைக் கண்டு இரத்தம் எடுக்கிற ஒரு பிள்ளை இவனைக் கூப்பிட்டாளாம். "சிமியோனோ?" என்று கேட்டாளாம். அப்பா கடலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னால் ஏசுவார்கள், ஆய்வில் இருந்தும் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து "ஓம்" என்றிருக்கிறான். உங்கள் ஆய்வில் இருக்கிறவர்களை டொக்டர் முதலில் பார்ப்பார், வரிசையில் நிற்கத் தேவையில்லை. நெஞ்சு நோகிற மனிதரைத் திரும்பவும் அந்த வரிசையில் விடக்கூடாது என்று இவன் நினைத்திருக்கிறான். கையை நீட்டினான். எடுத்தாள். தம்பி வீட்டுக்கு வந்து ஒருவரிடமும் சொல்லவில்லை.

இருந்த கோபத்தில் அவனுக்குக் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அடித்த பிறகு என் கை எனக்கே பிடிக்கவில்லை. கொப்பியைக் கொடுத்ததும் அதே கைதான். அவன் எழும்பி இறங்குதுறைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அப்பாவோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவதில்லை. வள்ளத்து எஞ்சின் விஷயமாகத் தன்னோடு கோபம் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் ஒளிந்திருந்தவரைப் பிடித்துத் தந்துவிட்டேன். இனி நான் கேட்கிறேன்.

அட்டையில் வயது அறுபத்தொன்று என்று எழுதியிருக்கிறது. எதிரே நிற்கிறவன் காதில் கடுக்கன் போட்ட இருபத்தைந்து வயதுப் பொடியன். உங்கள் மேசையில் இருந்தவளுக்கு அட்டையில் இருந்து தலையை நிமிர்த்த நேரம் இல்லையா? ஓர் இளந்தாரியின் இரத்தம்போல இருந்தது என்று இன்றைக்கு ஒரு கிழமையில் கண்டுபிடித்தீர்களே, அன்று உங்கள் கண் எங்கே போனது? எல்லாவற்றையும் விட எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்: யூனில் சிவப்பு அடையாளம் போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருந்தீர்கள். அடுத்த நாளே கூப்பிட்டிருந்தால் அப்பா வந்திருப்பார். யூனில் அவர் வாடிக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருந்தார், நாரிக்கு எண்ணெய் பூசிக்கொண்டு.

இன்னொன்று. அந்தச் செப்ரெம்பர் முடிவைக் கடைசியில் என்ன செய்தீர்கள்? உங்கள் அட்டவணையில் அது பொருந்தியிருக்காதே.

எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஆறு பேர் உங்கள் ஆய்வில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் சொந்தக் கையை நீட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பொன்னாடை போர்த்தியவர்களுக்கும் தெரியாது.

ஜெசிதா


சண்டிலிப்பாய்,
12.05.2025

ஜெசிதாவுக்கு,

ஊருக்கு வந்து நிற்கிறேன். உங்கள் கேள்விக்குக் கொழும்பில் இருந்து பதில் எழுத முடியவில்லை.

செப்ரெம்பர் முடிவை நீக்கினோம். 'பொருந்தாத பெறுமானம், ஆய்வுகூடப் பிழையாக இருக்கலாம்' என்று ஒரு வரி எழுதி நீக்கினோம். ஏன் பொருந்தவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படி நீக்கியவை மொத்தம் பதினான்கு. பதினான்கையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்பது உங்கள் கரையோர ஊர்களைச் சேர்ந்தவர்களுடையவை.

மேசையில் இருந்த பிள்ளையை ஏசாதீர்கள். அன்று காலை அறுபத்துநான்கு பேருக்கு அவள் ஒருத்தி. இரண்டு பேரைப் போட்டிருக்க வேண்டியவள் நான்.

சண்டிலிப்பாயில் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை வாசித்த நாளில் இருந்து எனக்கு நித்திரை சரியில்லை. இருக்கிறார். என் அப்பா. புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து நாரி போனவர். அவருக்கும் இதய வருத்தம். 2023 யூலையில் ஆய்வுக்கு வந்த பரிசோதனைப் பெட்டியில் சில மிஞ்சின. அவருடைய இரத்தத்தை எடுத்துப் பார்த்தேன். கூடியிருந்தது. உங்கள் அப்பாவுக்கு இருந்த அளவுக்கு இல்லை. முடிவு வந்த அன்றே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "அப்பா, அந்த நோவுக்குளிசையை இண்டைக்கே எறியுங்கோ" என்று கத்தினேன். அம்மா போத்தலோடு கிணற்றடியில் கொட்டிவிட்டார். இன்றைக்கு அவர் தோட்டத்தில் கத்தரி நட்டுக்கொண்டு நிற்கிறார்.

அப்போது என் கணினியில் நூற்றிப் பதினேழுக்குச் சிவப்பு அடையாளம் போட்டு ஒரு மாதம்.

இதை எவருக்கும் சொன்னதில்லை. விதிப்படி நடந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தேன். விதி உங்கள் அப்பாவுக்குத்தான் இருந்தது, என்னுடையவருக்கு இருக்கவில்லை.

ஆய்வுக் கட்டுரையை வெளியிடாமல் நிறுத்தும்படி சஞ்சிகைக்கு எழுதிவிட்டேன். எனக்கு மேலே இருப்பவருக்குப் பெரிய கோபம். "பதினாலைத் தூக்கினாலும் முடிவு மாறாது பிள்ளை, ஏன் வீணா எல்லாரையும் சந்திக்கு இழுக்கிறீர்?" என்று கேட்டார். முடிவு மாறாது என்பது உண்மைதான். பிழையான இரத்தத்தை நம்பி 'நல்லம்' என்று விட்டுவிட்ட ஆட்கள் இன்னும் வீட்டில் இருந்து குளிசை விழுங்கிக்கொண்டு இருப்பார்களே என்றேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கரையோரத்தில் இருந்து பங்குபற்றிய முப்பத்தெட்டுப் பேரையும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். கிளினிக்கில் கேட்டால் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். நீங்கள் கேட்டால் சொல்லக்கூடும். உதவி கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு நடந்ததை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவர் மனம் நோகாமல் சொல்ல உங்களுக்குத்தான் தெரியும்.

தனுசியா


குருநகர்,
15.06.2025

தனுசியா டொக்டருக்கு,

முப்பத்தெட்டு வீட்டுக்கும் போனோம். நானும் ஜெரிசனும். அவனை வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போகவில்லை, தானாக வந்தான். ஒவ்வொரு வாசலிலும் "நான் அப்பாவுக்குப் பதிலாப் போய் ரத்தம் குடுத்தனான், அதாலைதான் அவருக்குத் தெரியாமப் போனது. உங்கடை வீட்டிலையும் அப்பிடி நடந்ததோ?" என்று அவனே கேட்டான். அவன் அப்படிக் கேட்டதால்தான் கதவு திறந்தது. நான் கேட்டிருந்தால் அரசாங்கக் கச்சேரியில் இருந்து வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்திருப்பார்கள்.

அப்படியும் சிலர் எங்களை ஏசிக் கலைத்தார்கள். "குளிசை தாறதையும் நிப்பாட்டப் போறியளோ?" என்று ஒருவர் வலைத் தடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அவரோடும் கோபம்தான் வந்தது. சாகப்போகிறவனுக்குச் சாவைப் பற்றிச் சொல்ல வந்தால் தடியோடு வருகிறானே என்று. பிறகு யோசித்தேன். வரிசையில் முதலில் விடுவதை ஒரு சலுகையாகக் காட்டித்தானே உங்கள் ஆட்கள் அவரிடம் இரத்தம் வாங்கினார்கள்? அதைப் பறித்துவிடுவார்கள் என்று அவர் பயப்படாமல் என்ன செய்வார்?

பதினொரு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். பதினோராவது எங்கள் ஒழுங்கையிலேயே, நான்கு வீடு தள்ளி, மேர்சி அக்கா வீடு. அவருடைய மனிசன் கிறிஸ்ரி அண்ணை றோலர் படகில் கடலுக்குப் போயிருந்தாராம், அக்காவே போய்த் தன் கையை நீட்டியிருக்கிறார். "பொம்பிளையின்ரை ரத்தமெண்டு அவையளுக்குத் தெரியாதோடி?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். நான் சிரிக்கவில்லை. எங்கள் அப்பாவின் கதையைச் சொல்லி முடிக்க அவரும் சிரிக்கவில்லை.

திரும்ப எடுத்த இரத்தத்தில் கிறிஸ்ரி அண்ணையின் முடிவு போன புதன்கிழமை வந்தது. கூடியிருக்கிறது, ஆனால் தொடக்கம். மருந்தை மாற்றி, நோவுக்குளிசையை நிற்பாட்டினால் கனகாலம் தாங்கும் என்று நீங்களே வந்து சொல்லிவிட்டுப் போனீர்கள். முடிவு வந்த அன்று பின்னேரமே வந்தீர்கள். மேர்சி அக்கா உங்கள் கையைப் பிடித்து அழுததை எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொல்லவில்லை. அதே நேரம் ஏதாவது ஒன்றைத் தூக்கி உடைக்க வேண்டும்போலவும் இருந்தது. மனம் வைத்தால் ஒரு பின்னேரத்தில் சொல்லக்கூடிய விஷயம் இது.

பிறகு நீங்கள் காருக்குப் போகும்போது எங்கள் வாசலால்தான் போனீர்கள். என்னைக் கண்டீர்கள். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டீர்கள்.

அப்பா முற்றத்தில் கதிரையில் இருந்தார். கண் மங்கல் என்றாலும் உங்களை அடையாளம் பிடித்துவிட்டார். "உது எங்கடை டொக்டர் பிள்ளையெல்லே? ஏன் இஞ்சாலை வராமப் போறா?" என்று கேட்டார். அவசரமாகப் போகிறீர்கள் என்றேன். உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய் அது. இனிச் சொல்லமாட்டேன்.

பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். என்னத்தைப் பக்குவமாகச் சொல்வது? உங்கள் கட்டுரையை நிறுத்தினீர்கள். மேலே இருப்பவரோடு சண்டை பிடித்தீர்கள். எனக்குக் கடிதத்தில் உங்கள் அப்பாவின் கதையைக்கூட எழுதினீர்கள். அதை எழுதுவது லேசு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதெல்லாம் என்னோடு. சிறுநீரகம் போனது எனக்கு இல்லை.

நானும் உங்களைவிடத் திறமில்லை. ஏப்ரலில் இருந்து எனக்கு எல்லாம் தெரியும். நேற்றும் மெசின் முடிந்து வரும்போது அப்பா அதே கேள்வியைக் கேட்டார். நான் ஓட்டோக்காரரிடம் மெதுவாக ஓடச் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா சொல்கிறார், "போனது போட்டுது. அந்த மனிசனைத் தன்ரை பிள்ளையளோடை கோவிக்க வைக்காதை." ஜெரிசன் ஆளே பாதியாகிவிட்டான்.

அப்பா தான் ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இருக்கிறார். போன மாதம் பாதரைக் கூப்பிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். என்ன சொன்னாரோ, யாருக்கும் தெரியாது. முழுவதையும் தன் தலையில் போட்டிருப்பார். அவருடைய பிழையும் இதில் இருக்கிறது, அதை அவருக்கு மறைக்கத் தேவையில்லை: கேட்காமல் குளிசை விழுங்கினார், சொல்லாமல் வாடிக்குப் போனார். ஆனால் அவருடைய பங்கு அவ்வளவுதான். மிச்சத்தை நீங்களும் தம்பியும் நானும் வைத்துக்கொண்டு, அவரை அந்த முற்றத்தில் தனியாக இருத்தி வைத்திருக்கிறோம். இதை நினைத்தால் எனக்கு உங்களோடு வருகிற அதே கோபம் என்னோடும் வருகிறது.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து எட்டரைக்கு அவர் வீட்டில் இருப்பார். நீங்கள் அன்று சண்டிலிப்பாயில்தான் நிற்பீர்கள் என்று மேர்சி அக்கா சொன்னார். வாருங்கள். பழம், பிஸ்கட் ஒன்றும் கொண்டுவர வேண்டாம், அவருக்கு ஒன்றும் சாப்பிட ஏலாது. ஜெரிசனை நான் பிடித்து இருத்தி வைக்கிறேன்.

முதலில் நீங்கள் சொல்லுங்கள். பிறகு தம்பி சொல்வான். கடைசியாக நான் சொல்கிறேன். யாரோடு கோபிப்பது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

ஜெசிதா